நா பழகும் பள்ளிப் பருவம்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் சேர்க்கும் வயதில் குழந்தை தெளிவாகப் பேசிவிட்டால் பேச்சு வளர்ச்சி முடிந்துவிட்டதென்றே பெற்றோர் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஓர் ஒலியைச் சரியாகச் சொல்வது வேறு; அதைச் சொல்லும் உதடும் நாவும் தாடையும் ஒவ்வொரு முறையும் ஒரே சீராக இயங்குவது வேறு. முன்னது பெரும்பாலும் தொடக்கப்பள்ளி வயதிலேயே கைகூடிவிடுகிறது. பின்னதற்குப் பதின்பருவத்தின் நடுப்பகுதி வரை காலம் பிடிக்கிறது.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் ஸ்மித்தும் ஹோவர்ட் ஸெலாஸ்னிக்கும் 2004இல் இதை அளந்து காட்டினார்கள். உதடுகளிலும் தாடையிலும் சிறு ஒளிமுனைகளை ஒட்டி, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, அசைவு எவ்வளவு மாறுகிறதென்று பதிவு செய்தபோது, காதுக்குப் பிழையின்றிக் கேட்கும் சிறுவர் பேச்சிலும் அசைவு தடவைக்குத் தடவை வேறுபட்டது. 7 வயது முதல் 12 வயது வரை முன்னேற்றம் ஏறக்குறையத் தேங்கி நின்று, 14 வயதுக்குப் பின்னரே பெரியவர்களின் நிலையை எட்டியது. உறுப்புகளில் தாடை முந்திக்கொள்கிறது. உதடும் நாவும் பிந்தியே பழகுகின்றன. இதற்கிடையே முகவெலும்பு வளர்கிறது, பால்பற்கள் விழுகின்றன; பழகிய பாதையை நா அடிக்கடி திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேகத்தையும் எளிதில் அளக்கலாம். ‘ப’ என்பதை 20 முறை விரைந்து சொல்ல 6 வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய 5 நொடியும், 13 வயதுச் சிறுவனுக்கு மூன்றரை நொடிக்கும் குறைவாகவும் ஆகும் என்பது அமெரிக்கக் குழந்தைகளை வைத்து 1972இல் பிளெட்சர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட அளவு.

நம் பிள்ளைகளுக்கு நாவின் இந்தச் சீரான இயக்கம் பெரிதும் தேவைப்படும் இடம் ழகரம். நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ரகரமும் ழகரமும் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். ‘வருட’ என்பதில்தான் சிரமம் இருக்கிறது: நா சற்றே அழுந்தினால் ளகரமாகிவிடும், வளையாமல் தளர்ந்தால் யகரத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ‘பழம்’ என்று தனியே கேட்டால் அழகாகச் சொல்லும் மூன்றாம் வகுப்புக் குழந்தை, ‘ஏழைக் கிழவி வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தாள்’ என்னும்போது பாதியில் ‘வளுக்கி’ என்றுவிடும். வாக்கியம் நீண்டு சிக்கலாகும்போது அசைவின் சீர் குலைவது சிறுவரிடம் ஆய்வுகளிலும் காணப்பட்டதே. ஆகவே இதைக் கவனக்குறைவு என்று வகுப்பில் அதட்டுவது பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் ‘வாளப்பளம்’ என்றே பேசினால் குழந்தையும் அப்படித்தான் பேசும். அது வட்டார வழக்கே தவிரக் குறைபாடன்று. அதனால் குழந்தையைச் சோதிக்கும் முன் தாயைச் சற்று நேரம் பேசவிட்டுக் கேட்பது நல்லது என்பது என் கருத்து.

பயிற்சி என்றதும் பலர் பலூன் ஊதவைக்கிறார்கள், நாவை நீட்டி மடக்கச் சொல்கிறார்கள். இவற்றால் பேச்சொலி திருந்துகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை. பேச்சின் அசைவு பேசித்தான் பழக வேண்டும். முதலில் மெதுவாகச் சொல்லவைத்து, பிழையின்றி வந்தபின் வேகத்தைக் கூட்டி, சொல்லிலிருந்து தொடருக்கும் தொடரிலிருந்து கதை சொல்வதற்கும் கொண்டுசெல்லலாம். ‘யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை’ போன்ற விளையாட்டுகள் இதற்கு மிகவும் உதவும், போட்டியாக்கி அழவைக்காத வரையில்.

சில அறிகுறிகளைப் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது. பள்ளி வயதிலும் வெளியாருக்குப் பேச்சு புரியாமலிருத்தல், ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகச் சிதைத்தல், சொல் தொடங்கும்போது சரியான நிலையைத் தேடி வாய் தடுமாறுதல், திக்கலோடு முகமும் இறுகுதல், முன்பு தெளிவாயிருந்த பேச்சு குழறத் தொடங்குதல் ஆகியவை அவை. கடைசியாகச் சொன்னது தென்பட்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மற்றவற்றுக்குக் கேட்டல் சோதனை முதலில் செய்யப்பட வேண்டும். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிந்து உதவும் அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களிலும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் பேச்சுப் பயிற்சியாளரை அணுகலாம். செல்லும்போது, குழந்தை வீட்டில் இயல்பாகக் கதை சொல்வதை இரண்டு நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுபோங்கள். புதிய அறையில் புதிய மனிதர் முன் குழந்தை ஒற்றைச் சொற்களில்தான் பதில் சொல்லும்.