இரும்புக்கு மூன்று மச்சான்

(சேலம் குகையில் ஆடித் திருவிழா பட்டிமன்றம். தலைப்பு: ‘கருத்தடை மாத்திரையும் குழந்தைப்பேறு ஊசியும் பெண்ணுக்கு விடுதலையே! சுமையே!’ சுமையே அணியின் பேச்சு.)

நடுவர் அவர்களே, வண்டி வேடிக்கை பார்த்த களைப்போடும் கலையாத குகை மக்களே, வணக்கம்.

எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார். “ஒரு மாத்திரை, ஒரு வாய்த் தண்ணீர். தட்டுவடை செட் மெல்லுகிற நேரம்கூட ஆகாது. இதில் என்னம்மா சுமை?” கைதட்டினீர்கள். ஆண்கள் பக்கம்தான் சத்தம் அதிகம், கவனித்தேன்.

அண்ணே, உங்களுக்காகவே ஒரு கதை வைத்திருக்கிறேன்.

அம்மாபேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், தறி நெய்கிறவர். ராத்திரி தலைவலி. விளக்கைப் போடாமல் அலமாரியில் கைவிட்டு, சிக்கிய அட்டையில் ஒன்றைப் பிதுக்கி விழுங்கிவிட்டார். விடிந்து பார்த்தால் அது அவர் மனைவியின் கருத்தடை மாத்திரை, மாலா-என்!

மனிதர் தறிப்பக்கமே போகவில்லை. “தலை சுத்துது” என்றார். “குமட்டுது” என்றார். பத்து மணிக்கு, “என் குரல் மாறுதா பாரு” என்றார். அவர் அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். மதியம் ஆட்டோ வந்தது. துணைக்கு மூன்று மச்சான்கள்! டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: “மீசை நிக்குமா டாக்டர்?”

சிரித்து முடித்துவிடாதீர்கள், இன்னும் இருக்கிறது. டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். மொத்தம் 28 மாத்திரை. அதில் 21-இல்தான் ஹார்மோன். முட்டை வெளிவராமல் தடுப்பது அதுதான். மீதி 7 வெறும் இரும்புச்சத்து. நம்மவர் பிதுக்கியது அந்த ஏழில் ஒன்று! உருக்காலை இருக்கிற ஊரில் பிறந்தவருக்கு இரும்பு ஒத்துக்கொள்ளவில்லை, நடுவர் அவர்களே!

இரும்புக்கே மூன்று மச்சான். அவர் மனைவி நாலு வருஷமாக, மாதம் 21 நாள் அசலை விழுங்கினாள். அவளுக்கும் ஆரம்பத்தில் குமட்டியது, தலை வலித்தது. “பித்தம், இஞ்சி தட்டிப் போட்டுக் குடி” என்றார் இதே மனிதர். ஆட்டோ வந்ததா? ஒரு மச்சானாவது வந்தானா? அண்ணே, தட்டுவடை நேரமா இது?

சரி, புள்ளிவிவரம் சொல்லாவிட்டால் நடுவர் மார்க் குறைப்பார். பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை 1960-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆணுக்கான மாத்திரை இன்றுவரை கடைக்கு வரவில்லை. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், மனைவி குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டது 100-க்குச் சுமார் 38. கணவன் செய்துகொண்டது 1000-க்கு 3. இத்தனைக்கும் ஆணுக்குக் கத்தியில்லாத முறையில் செய்தால் தையலே கிடையாது!

பிள்ளை வேண்டாம் என்றால்தான் இப்படியா? வேண்டும் என்றாலும் இப்படித்தான்.

ஏற்காட்டில் என் பெரியப்பா மகள். அக்காவிடம் ஒரு குறையும் இல்லை, மாமாவுக்குத்தான் அணுக்கள் குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் நிறைய முட்டை வளரவேண்டும் என்று ஊசி போட்டது அக்காவுக்கு. தோசை மாவுக்குப் பக்கத்தில், ஃப்ரிட்ஜில் மருந்து. ஸ்கேனுக்கு மலையிறங்கி வரவேண்டும். “வழியில 20 கொண்டை ஊசி, வயித்துல தினம் ஒண்ணு” என்று அவளே சிரிப்பாள்.

ஐயா, மணியிலிருந்து கையை எடுங்கள். அக்கா இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.

மூன்றாவது முறையும் தங்கவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் நான் பக்கத்தில் இருந்தேன். முதல் வளைவிலிருந்து இருபதாவது வளைவு வரை வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அழவும் இல்லை. ஏற்காடு வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“மாமா மனசு ஒடஞ்சு போயிருப்பாரு. சாப்பிட்டாரான்னு ஒரு போன் போடு.”