பிறஷர் கிளினிக்கிலேயே குடியையும் பார்க்கலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்கினால் வன்னியில் நேர்த்தி வைத்துக் குடியை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் வருடக்கணக்காகத் தினமும் கசிப்போ சாராயமோ குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால், முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். அதற்குப் பிறகு சுவரில் பூச்சி ஊருகிறது என்பார், இல்லாத ஆளோடு கதைப்பார். வீட்டுக்காரர் அம்மாளின் கோபம் என்று பயந்து நூல் கட்ட ஓடுவார்கள். மதுவுக்குப் பழகிப்போன மூளை, அது திடீரென்று கிடைக்காதபோது படுகிற பாடுதான் இது. உயிரே போகலாம். வைத்தியசாலையில் டயஸிபாம் போன்ற மருந்தைக் கணக்காகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, விற்றமின் பி1 ஊசியும் போட்டால் பெரும்பாலானவர்கள் சில நாளில் தெளிந்துவிடுவார்கள்.

இதற்கென்று தூரத்தில் தனி இடம் தேடத்தான் வேண்டுமா? சிக்கலானவர்களுக்குத் தேவைதான். மற்றவர்களுக்கு, பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாமாதம் குளிசை எடுக்கிற அதே பிரதேச வைத்தியசாலையில் தொடங்கலாம் என்பதுதான் என் கட்சி. உள்ளூர்க் கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போகிற பஸ்ஸில் யார் எங்கே இறங்குகிறார் என்பது ஊருக்கே தெரியும். 'குடிகாரருக்கு மருந்தெடுக்கிற இடம்' என்று பெயர் விழுந்த வாசலுக்கு யார் போவார்? கிளினிக் கொப்பியோடு வரிசையில் இருப்பவரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதோடு வருத்தங்களும் தனித்தனியாக வருவதில்லை. குளிசை ஒழுங்காகப் போட்டும் பிறஷர் இறங்காத ஒருவருக்குக் காரணம் பின்னேரக் குடியாக இருக்கலாம். சீனிக்கு மருந்து எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் சீனி ஆபத்தாக இறங்கிவிடும். உடம்பில் இன்னும் ஷெல் துண்டோடு இருப்பவர், இரவு நோவு தாங்காமல்தான் போத்தலைத் தொடுகிறார். நோவுக்கு ஒரு டொக்டர், நித்திரைக்கு ஒரு டொக்டர், குடிக்கு இன்னொருவர் என்று அந்த மனிதரைப் பிரித்துப் பார்த்து என்ன பயன்?

கேட்கிற விதமும் முக்கியம். "ஐயா, குடிக்கிறனீங்களா?" என்றால் "சீச்சீ, இல்லை டொக்டர்" என்பார். "கள்ளு?" என்று கேளுங்கள். "அது பின்னேரத்தில ரெண்டு போத்தல்... அது குடியே?" என்று பதில் வரும். உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே 10 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று வைத்திருக்கிறது. சில நிமிட வேலை. பயிற்சி பெற்ற தாதியே கேட்கலாம். அளவு கடக்கத் தொடங்கியவர்களில் பலர், வைத்தியர் குற்றம் சாட்டாமல் ஐந்து நிமிடம் பேசினாலே குறைக்கிறார்கள்.

இப்போது பெற்றோரை வாட்டுவது ஹெரோயினும், ஐஸ் என்கிற மெதம்ஃபெற்றமின் போதைப்பொருளும். ஹெரோயினுக்கு மெதடோன், பியூப்ரநோர்ஃபின் என்ற மருந்துகள் உண்டு. இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. பிரான்சில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து சாதாரண குடும்ப வைத்தியர்களே பியூப்ரநோர்ஃபினை எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்குப் பின் சில வருடங்களில் ஹெரோயின் அளவு மீறி இறப்பவர்கள் பெருமளவு குறைந்தார்கள். ஐஸுக்கு இப்படியொரு மருந்து இல்லை. உளவளத்துணையும் விடாமல் தொடர்வதும்தான் வழி. அதற்காகவாவது சிகிச்சை வீட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டும்.

'வெளிநோயாளர் பிரிவில் ஏற்கெனவே சனம் முட்டி வழியுது, இதையும் எங்கே செருகிறது' என்று என் சக வைத்தியர்கள் கேட்பது விளங்குகிறது. நியாயம்தான். ஆனால் இதே ஆட்கள்தான் வயிற்று நோ, விழுந்த காயம், வலிப்பு என்று திரும்பத் திரும்ப அதே வரிசைக்கு வருகிறார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அடுத்த கிளினிக்கில் டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். நிறுத்த நினைத்தால், நிறுத்துவதற்கு முன்பே வாருங்கள். குடிக்கிறவர் வர மறுத்தால் மனைவியோ தாயோ தனியாக வந்து கதைக்கலாம். போனில் கேட்க வேண்டுமானால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.