நெற்றியோடு நின்றுபோன படம்

நேயர்களுக்கு வணக்கம். வன்னியில், மல்லாவிச் சந்தியிலிருந்து மூன்று கட்டை உள்ளே இருக்கும் என் பெரியம்மாவின் வீட்டு முற்றத்தில் நான் பார்த்த ஓர் அரைப் படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் தம்மிடம் மிஞ்சியிருந்த பழைய குடும்பப் படங்களை ஸ்கான் செய்து எனக்கு அனுப்பியிருந்தார். நான் அவற்றை ஓர் இணைய அல்பமாக அடுக்கி, இணைப்பைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினேன். பெரியம்மா தம்முடைய கைத்தொலைபேசியில் அதைத் திறந்தபோது முதலில் தென்னோலை வந்தது, பிறகு ஓட்டுக்கூரை வந்தது, அதற்குப் பிறகு வரிசையாக நின்றவர்களின் தலைமயிரும் நெற்றியும் வந்தன. அத்தோடு நின்றுவிட்டது. "தம்பி, வட்டம்தான் சுத்துது, ஆக்களைக் காணேல்ல" என்றார். கால் மணி நேரம் காத்திருந்தோம். நெற்றிக்குக் கீழே ஒருவரும் இறங்கி வரவில்லை. அதற்குள் அவர் போட்டிருந்த றீலோட் தீர்ந்துபோயிற்று.

பிழை முழுக்க என்னுடையது. நான் அந்த அல்பத்தைச் செய்தது கொழும்பில், ஃபைபர் இணைப்பு உள்ள ஓர் அறையில் இருந்துகொண்டு. அங்கே தட்டியவுடன் எல்லாப் படங்களும் மளமளவென்று வந்து நின்றன. வேலை முடிந்தது என்று எண்ணிவிட்டேன். வன்னியில் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் போரால் இடம்பெயர்ந்தவர்களுள் பலர் அல்பங்களைக் கைவிட்டே ஓடினார்கள் என்பதும், அதனால் எங்கள் குடும்பங்களின் பழைய படங்கள் பலவற்றுக்கு, முன்னரே வெளிநாடு போனவர்களிடம் கடிதத்தோடு சேர்ந்து போன பிரதிகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன என்பதும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்குத் தெரியும். ஆகவே படத்தை ஏற்றுகிறவர் மிக வேகமான இணைப்பில் இருக்கிறார்; அதைப் பார்க்க வேண்டியவரோ சிக்னல் தேடிக் குளக்கட்டுக்கு ஏறுகிறவராக இருக்கிறார். இந்த இருவருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

கணக்கோடு தொடங்குகிறேன். நாலங்குல அகலமும் ஆறங்குல உயரமும் உள்ள ஒரு படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கான் செய்தால் 2400க்கு 3600 பிக்சல், அதாவது 86 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் வேண்டும். சுருக்காமல் வைத்தால் ஒரு படமே ஏறக்குறைய 26 மெகாபைட் ஆகும். நான் அவற்றை ஜேபெக் (JPEG) என்ற சுருக்கிய வடிவத்துக்கு, மிக உயர்ந்த தரத்தில் மாற்றினேன்; ஒவ்வொன்றும் ஆறு மெகாபைட் அளவுக்கு வந்தது. பெரியம்மாவின் முற்றத்தில் கிடைக்கும் வேகம் நொடிக்கு அரை மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதை மறக்கக் கூடாது. நிறுவனங்கள் விளம்பரத்தில் பிட்டைச் சொல்கின்றன, படங்களின் கனத்தை நாம் பைட்டில் அளக்கிறோம். அந்தக் கணக்கில் ஒரு படம் முழுதாக வர 96 நொடி பிடிக்கும். அது தனியாக வந்தால் மட்டுமே. என் அல்பத்தில் 60 படங்கள் இருந்தன. பக்கம் திறந்தவுடன் தொலைபேசி ஒரே நேரத்தில் பல படங்களைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஒரே வாய்க்காலில் ஆறு வயலுக்கும் மடையைத் திறந்துவிட்டால் கடைசி வரம்பு வரைக்கும் தண்ணீர் போகாது அல்லவா, அதேபோல எல்லாப் படமும் பாதியில் நின்றன. 360 மெகாபைட் முழுவதும் வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சென்றிருக்கும்.

இதில் வயிற்றெரிச்சலான பகுதி இனித்தான். பெரியம்மா வைத்திருப்பது போன்ற விலை குறைந்த தொலைபேசிகள் பலவற்றின் திரை அகலம் 720 பிக்சல். இன்றைய தொலைபேசி ஒன்றில் எடுத்த, 4000க்கு 3000 பிக்சல் கொண்ட படம் அந்தத் திரையில் நிமிர்ந்த நிலையில் தெரியும்போது 720க்கு 540 ஆகச் சுருங்கிவிடுகிறது; அதாவது பணம் கொடுத்து இறக்கிய புள்ளிகளில் முப்பதில் ஒரு பங்குதான் கண்ணுக்கு எட்டுகிறது. மிச்சம் முழுவதையும் தொலைபேசி வாங்கி, கணக்குப் போட்டு, எறிந்துவிடுகிறது.

ஆகையால் அல்பம் செய்கிறவர் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதி வைத்திருக்க வேண்டும். மூலப்படம் ஒன்று, அது இணையப் பக்கத்துக்கு வரவே கூடாது. பார்ப்பதற்கான படம் இன்னொன்று. அதன் நீண்ட பக்கம் 1600 பிக்சல் இருந்தால் போதும், ஜேபெக்கின் தரத்தை 75 அல்லது 80 என்று வைத்தால் பெரும்பாலான படங்கள் 200 முதல் 400 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். மூன்றாவது, முகப்புப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சிறு படம். நீண்ட பக்கம் 300 பிக்சல், கனம் 15 கிலோபைட் அளவு. நான் செய்த பெரிய தவறு, சிறு படம் தனியாகச் செய்யாமல், பெரிய படத்தையே சிறிதாகத் தெரியும்படி பக்கத்தில் வைத்தது. தபால்தலை அளவுக்குத் தெரிந்தாலும் கனம் ஆறு மெகாபைட்தான். மூட்டையைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் பாரம் குறைந்துவிடாது.

இந்த அளவுகளை நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் படத்துக்கும் போடச் சொல்லவில்லை. பாடசாலைக் குழுப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் 15 பேர் நிற்கும் படத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 100 பிக்சல் அகலம் கிடைக்கும். முகத்துக்கு அதில் பாதி. வன்னியில் ஒரு குழுப்படத்தைத் திறக்கிறவர் அதைக் கலையழகுக்காகப் பார்ப்பதில்லை. விரலால் பெருப்பித்து, இன்னொருவரின் முகத்தைத் தேடுகிறார். அந்த வகைப் படங்களுக்கு 2400 பிக்சல் கொடுத்துவிடுங்கள்; அரை மெகாபைட்டைத் தாண்டினாலும் பாதகமில்லை. அதற்கு ஈடாக, ஒரே பூசையை ஒரே இடத்தில் நின்று எடுத்த பன்னிரண்டு படங்களில் பத்தை நீக்கிவிடலாம். அல்பத்தின் கனத்தைக் குறைப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி எந்த மென்பொருளிலும் இல்லை. ஆனால் எடுத்தவருக்கு மனம் வராது.

நெற்றியோடு நின்ற படத்துக்குத் திரும்புகிறேன். ஜேபெக் முறை ஒரு படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, நம் கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களை விட்டுவிட்டுப் பதிகிறது; ஒளியின் ஏற்றத்தாழ்வை நம் கண் கூர்ந்து பார்க்கும், நிறத்தின் ஏற்றத்தாழ்வை அவ்வளவு கூர்ந்து பார்க்காது என்பதால் நிறத்தில் கூடுதலாகக் கழிக்கிறது. வழக்கமான ஜேபெக்கில் இந்தச் சதுரங்கள் மேலிருந்து கீழாக வரிசையாக வந்து சேர்கின்றன. ஆகவே இணைப்பு அறுந்தால் கூரை கிடைக்கும், ஆள் கிடைக்காது. இதற்கு மாற்றாகப் படிப்படியாகத் தெளிவாகும் ஜேபெக் என்ற இன்னொரு வகையும் அந்த ஜேபெக் வரையறையிலேயே உண்டு. அதில் முதல் வரவிலேயே முழுப் படமும் மங்கலாகத் தெரியும். அடுத்தடுத்த வரவுகளில் கண், மூக்கு, சேலைக் கரை என்று தெளிந்துகொண்டு வரும். பாதியில் அறுந்தாலும் யார் யார் நிற்கிறார்கள் என்பதைக் கண்டுகொள்ளலாம். இர்ஃபான்வியூ போன்ற இலவச மென்பொருள்களில், படத்தைச் சேமிக்கும்போது ஒரு பெட்டியில் சரி போட்டால் போதும், இந்த வகையில் பதிந்துவிடும். ஒரு கோப்புறையில் உள்ள எல்லாப் படங்களையும் ஒரேயடியாகக் குறைக்கவும் அதில் வசதி உண்டு. குறைத்தவற்றை வேறு கோப்புறையில் சேமியுங்கள். மூலத்தின் மேலேயே எழுதிவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் இருவர் உண்டு.

வெப்பி (WebP) என்ற புதிய வடிவம் இதைவிடச் சிறிதாகச் சுருக்கும். கூகுள் அதை 2010 இல் அறிமுகப்படுத்தியது, இன்றைய உலாவிகள் எல்லாம் அதைக் காட்டுகின்றன. ஆயினும் நான் இன்னும் ஜேபெக்கையே வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் எங்கள் ஆட்கள் படத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதைச் சேமித்து எடுத்துக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போய்ப் பிரதி எடுத்துச் சட்டம் போடுகிறார்கள், கடைக்காரரின் பழைய கணினி வெப்பியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

அல்பத்தின் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் இருபது சிறு படங்களுக்கு மேல் வேண்டாம். விரல் கீழே இறங்க இறங்கப் படங்களை ஒவ்வொன்றாக அழைக்கும் முறை நல்லது. ஆனால் முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போகும் பக்கத்தில், ஒரு அழைப்பு வந்து தொடர்பு அறுந்தால், பார்த்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. திருமண அல்பங்களில் பின்னணியில் நாதஸ்வரம் தானாக ஒலிப்பதும், திரையில் பூ உதிர்வதும் உண்டு. மூன்று நிமிட நாதஸ்வரம் சாதாரண எம்பி3 தரத்தில் ஏறக்குறைய மூன்று மெகாபைட். அந்தச் செலவில் மாப்பிள்ளை பெண்ணின் படங்கள் பத்துப் பன்னிரண்டு வந்திருக்கும்.

பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் படத்தின் மேலேயே அழகான எழுத்தில் பொறித்துவிடுகிறோம். அதைக் கைவிட்டு, படத்துக்குக் கீழே வெறும் எழுத்தாக எழுதுங்கள். இணையத்தில் வழங்கும் ஒருங்குறி முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கிறது. 200 குறி கொண்ட ஒரு விளக்கம் 600 பைட்தான் வரும், மிகச் சிறிய படத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே எவ்வளவு மெதுவான இணைப்பிலும் எழுத்து முதலில் வந்துவிடுகிறது. "முற்றத்தில் எடுத்தது, இடமிருந்து பெரியப்பா, ஆச்சி" என்று வாசிக்கிறவர், எந்தப் படத்துக்காகத் தம் டேட்டாவைச் செலவழிப்பது என்பதைத் தாமே முடிவு செய்துகொள்வார்.

அனுப்பும் வழிகளிலும் ஏமாற்றம் உண்டு. படங்களை ஒரே சிப் (zip) கோப்பாகக் கட்டி அனுப்பினால் கனம் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியது. மேலும் கட்டினால் குறைவது ஒன்றுமில்லை. இறக்குவது தொண்ணூறு வீதத்தில் அறுந்தால் ஒரு படமும் கைக்கு வராது, பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வட்ஸ்அப் படங்களைத் தானே குறைத்து அனுப்புவதால் நாலைந்து படத்துக்கு அது நல்ல வழி. நூறு படத்தை ஒரு குழுவில் கொட்டினால் கேட்காதவரின் தொலைபேசியிலும் அவை தாமாக இறங்கி நினைவகத்தை நிரப்பிவிடும். இன்னொன்று, எங்கள் ஆட்கள் பலர் போடுவது சமூக ஊடகங்களுக்கு மட்டுமான டேட்டாப் பொதி. அதில் வட்ஸ்அப்பும் முகநூலும் ஓடும். அங்கே வந்த இணைப்பைத் தொட்டு வெளியிலுள்ள ஓர் அல்பத்துக்குப் போனால் சாதாரணக் கணக்கிலிருந்து காசு கழியும். இணைப்பை அனுப்பும்போதே "மொத்தம் இவ்வளவு மெகாபைட்" என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய உபகாரம்.

வன்னியிலிருந்து வெளியே போகும் படங்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலன்று, சனம் முழுவதும் ஒரே தொலைபேசிக் கோபுரத்தின் கொள்ளளவைப் பங்கிட்டுக்கொள்வதால், வழக்கமாக நன்றாக ஓடும் இடத்திலும் ஒரு படம் ஏறுவதற்குப் பாடுபட வேண்டியிருக்கும். ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடப் பொதுவாகக் குறைவு. தொலைபேசியிலேயே படத்தைக் குறைத்து இரண்டொன்றை மட்டும் அங்கிருந்து அனுப்பிவிட்டு, மிச்சத்தை விடியற்காலையில் வீட்டிலிருந்து ஏற்றலாம். ஏற்றுவதற்கு முன், படத்தோடு ஒட்டியிருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். எந்த வளவில் நின்று எடுத்தது என்பது வரைக்கும் அதில் பதிந்திருக்கலாம். எங்கள் வீடுகளும் பிள்ளைகளும் ஊர் உலகத்துக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை.

மூலப்படங்களுக்கு நான் இன்னும் பேருந்தையே நம்புகிறேன். 32 கிகாபைட் பென்ட்ரைவ் ஒன்றில் உள்ளதை நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் இறக்கினால் மூன்று நாள் அளவு செல்லும். கொழும்பில் இரவு ஏறுகிறவரின் சட்டைப்பையில் வைத்துவிட்டால் ஏ9 வீதி வழியாக விடியமுன் கிளிநொச்சிக்கு வந்துவிடும்.

அல்பத்தைத் திருத்தி முடித்த பிறகு நான் செய்த ஒரு காரியத்தை உங்களுக்கும் சொல்கிறேன். என் கணினியில் அதைத் திறந்து பார்த்து மகிழவில்லை. ஒரு முறை பார்த்த படங்களைக் கணினி தன்னிடமே வைத்திருக்கும் என்பதால் இரண்டாம் முறை எதுவும் வேகமாகத்தான் தெரியும். அல்பத்தை ஒரு தடவையும் திறந்திராத பழைய தொலைபேசி ஒன்றில் நூறு ரூபாய் றீலோட் போட்டுக்கொண்டு மல்லாவிக்குப் போய், அதே முற்றத்தில், மாலை ஏழு மணிக்கு, ஊரெல்லாம் தொலைபேசியோடு இருக்கும் நேரத்தில் பெரியம்மாவிடம் கொடுத்தேன். முகப்பு வர இருபது நொடி அளவு சென்றது. பெரியம்மா அந்தப் படத்தைத் தொட்டார். எழுத்து உடனே வந்தது. அதன் மேலே எல்லோரும் பனிக்குள் நிற்பதுபோல மங்கலாக வந்தார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுத்தை வாசித்தவர், படம் தெளியும் வரைக்கும் காத்திருக்கவில்லை.

"தம்பி, பேர் பிழையடா. மூண்டாவதா நிக்கிறது நான் இல்லை, என்ர தங்கச்சி. மாத்திப் போடு."