பிப் மறுக்கப்பட்டதா? அப்பீலுக்கு மருத்துவ ஆதாரம் சேர்ப்பது இப்படி

[காட்சி: வாசலில் விழுந்து கிடக்கும் பழுப்பு நிறக் கடித உறை]

வணக்கம்.

பிரித்தானியாவில் நோயோடு வாழ்கிறவர்களுக்கு இந்தப் பழுப்பு உறையைக் கண்டாலே நெஞ்சு திக்கென்கும். டிடபிள்யூபி, அதாவது உதவிப்பணம் கொடுக்கும் அரசுத் துறை, அனுப்பிய கடிதம். பிரித்துப் பார்த்தால் பிப் என்ற இயலாமை உதவிப்பணம் தர முடியாது என்கிறார்கள், அல்லது இத்தனை வருடமாக வந்த பணத்தை நிறுத்திவிட்டோம் என்கிறார்கள். கேள்விக்குக் கேள்வி 0 புள்ளி.

"இவ்வளவு மருந்து குடிக்கிறேன், ஸ்கேன் இருக்கிறது, ஆஸ்பத்திரிக் கடிதம் இருக்கிறது. பிறகு எப்படி 0?" எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இந்த வீடியோ அதற்குத்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கொட்லாந்தில் அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட் என்று வேறு திட்டம் நடக்கிறது, அங்கே நடைமுறையும் வேறு.

முதலில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். 2013இல் தொடங்கிய பெர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட், அதாவது பிப், நோய்க்குக் கொடுக்கும் பணம் அல்ல. அந்த நோயால் நீங்கள் எதைச் செய்ய முடியாமல் இருக்கிறீர்கள் என்பதற்குக் கொடுக்கும் பணம். அன்றாட வாழ்வுக்கு 10 செயல்கள், நடமாட்டத்துக்கு 2 செயல்கள். சமைப்பது, சாப்பிடுவது, மருந்தைக் கவனிப்பது, குளிப்பது, கழிப்பறைக்குப் போவது, உடுப்பது, பேசுவது, வாசிப்பது, மனிதரோடு பழகுவது, பணக் கணக்குப் பார்ப்பது. அப்புறம் பயணத்தைத் திட்டமிட்டுப் போவது, நடப்பது. ஒரு பிரிவில் 8 புள்ளி வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடிய தொகை.

ஆகவே "இவருக்கு மூட்டுவாதமும் நீரிழிவும் இருக்கின்றன" என்று ஒரு கடிதம் வந்தால், அது உண்மைதான், ஆனால் அதற்குப் புள்ளி கிடையாது. "இவரால் குந்தி எழும்ப முடியாது, குளியலறையில் பிடிகம்பி இல்லாமல் வழுக்கி விழுகிறார்" என்று வந்தால் அங்கே புள்ளி இருக்கிறது.

[திரையில்: 2 + 2 + 2 + 2 = 8]

ஒரு அண்ணாவைக் கற்பனை செய்துகொள்வோம். 58 வயது. பெற்றோல் நிலையத்தில் பல வருடம் இரவு வேலை பார்த்தவர். முழங்காலும் இடுப்பும் போய்விட்டன. சமைக்கும்போது உயரமான ஸ்டூலில் சாய்ந்துகொண்டுதான் நிற்க முடியும். குளிக்க நாற்காலி வேண்டும். கழிப்பறையில் இருக்கையை உயர்த்திப் பொருத்தியிருக்கிறார்கள். காலுறை போட நீளப் பிடியுள்ள கருவி வேண்டும். இவை ஒவ்வொன்றும் பிப் கணக்கில் துணைக்கருவி. ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. நாலையும் கூட்டினால் 8, சாதாரணத் தொகை கைக்கு வந்துவிடும். ஆனால் அவருடைய கோப்பில் இருப்பதெல்லாம் முழங்கால் எக்ஸ்ரே ரிப்போர்ட். ஸ்டூலைப் பற்றியும் பிடிகம்பியைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

இன்னொன்று, "செய்ய முடியும்" என்பதற்குச் சட்டத்தில் தனிப் பொருள் உண்டு. பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவையான தடவையெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். நோயில்லாத ஒருவர் எடுக்கக்கூடிய அதிகபட்ச நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தால் அது நியாயமான நேரம் அல்ல. கடைக்கு நடந்து போய் வந்து மூன்று மணிநேரம் படுத்துக் கிடந்தால், திரும்பத் திரும்ப நடக்க முடிகிறது என்று எப்படிச் சொல்வது? நோய் ஏறி இறங்கும் வகை என்றால், ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். நாட்குறிப்பு பெறுமதியாவது இதனால்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

[காட்சி: ஜிபி கிளினிக் காத்திருப்பு அறை, அம்மாவும் பதின்வயது மகளும்]

இங்கே நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மனம் நோகச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்குப் பிப் மறுக்கப்பட்டபோது அவருடைய ஜிபி, அதாவது குடும்ப டொக்டர், வைத்திருந்த பதிவுகளை முதல்தடவையாக எடுத்து வாசித்தேன். தோள்மூட்டு வலிக்காக அவர் பல வருடம் அலைந்திருந்தார். பதிவில் ஓரிடத்தில் "நன்றாகச் சமாளிக்கிறார்" என்று இருந்தது, இன்னோரிடத்தில் "முன்னேற்றம்". டொக்டர் பொய் எழுதவில்லை. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டபோதெல்லாம் அம்மா "பரவாயில்லை" என்றார். அதை "ஃபைன்" என்று மொழிபெயர்த்தது நான்தான். எனக்கு அப்போது பதினைந்து வயது. தலை பின்ன அவரால் கை தூக்க முடியாது என்பதும், குளிக்கும்போது முதுகுக்கு நான்தான் சோப் போட்டேன் என்பதும் எனக்குத் தெரியும். டொக்டர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. வீட்டில் ஒருவருக்கு ஒருவர் செய்வதை நாம் உதவி என்று எண்ணுவதில்லை. சட்டம் எண்ணுகிறது.

ஆகவே அடுத்த அப்பாயின்ட்மென்டிலிருந்து, வலிக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். எந்த வேலை முடியவில்லை, யார் செய்து தருகிறார்கள் என்று சொல்லுங்கள். சிறுநீர் அடக்க முடியாமை, மலச்சிக்கல், மனநோய், போரின் நினைவுகளால் நித்திரை வராமை, எதற்கும் வெட்கம் வேண்டாம். பிள்ளைகளை வைத்துச் சொல்ல முடியாத விஷயம் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

சரி, ஆதாரங்களுக்கு வருவோம்.

கையில் முதலில் எடுக்க வேண்டியது உங்கள் மருத்துவப் பதிவு இல்லை. டிடபிள்யூபிக்காக உங்களை அசெஸ்மென்ட், அதாவது மதிப்பீடு, செய்தவர் எழுதிய ரிப்போர்ட். டிடபிள்யூபிக்கு போன் எடுத்துக் கேட்டால் அனுப்புவார்கள். அதைப் பென்சிலோடு வாசியுங்கள். "நேராக உட்கார்ந்திருந்தார்", "கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொன்னார்", "சொந்தக் காரில் வந்தார்" என்று எழுதி, அதிலிருந்து 0 புள்ளிக்குப் போயிருப்பார்கள். ஒவ்வொரு தவறான வரிக்கும் பக்கத்தில், இதை மறுக்க யாருடைய வார்த்தை எனக்கு வேண்டும் என்று எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் நீங்கள் திரட்ட வேண்டிய ஆதாரம். கண்டதையெல்லாம் சேர்த்து நூற்றுக்கணக்கான பக்கம் அனுப்பினால் முக்கியமான பக்கம் அதற்குள் புதைந்துபோகும்.

அடுத்தது ஜிபி பதிவுகள். உங்கள் பதிவை நீங்கள் கேட்டுப் பெறுவது தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் உரிமை. வழக்கமாகக் கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். இங்கிலாந்தில் என்எச்எஸ் ஆப்பிலும் ஒரு பகுதியைப் பார்க்கலாம். அனுப்புமுன் கட்டாயம் வாசியுங்கள். "தினமும் அரை மணிநேரம் நடக்கிறார்" என்று ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள், அப்பீலை விசாரிக்கும் ட்ரிப்யூனல் விரும்பினால் பதிவுகளைத் தருமாறு உத்தரவிடலாம். அது எந்த வருடம், எப்படிப்பட்ட நடை, இடையில் எத்தனை தடவை நின்றீர்கள் என்று உங்கள் கடிதத்தில் விளக்குங்கள்.

ஜிபியிடம் கடிதம் கேட்பது வேறு. அப்பீலுக்குக் கடிதம் எழுதும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை, பணமும் கேட்கலாம். உண்மையைச் சொன்னால், பத்து நிமிடம் மட்டும் காணும் ஜிபிக்கு நீங்கள் எப்படிக் குளிக்கிறீர்கள் என்று தெரியாது. அதனால் "தன்னால் முடியவில்லை என்று நோயாளி சொல்கிறார்" என்றுதான் எழுதுவார், அந்த வரிக்குப் பலம் குறைவு.

நீங்கள் செயல்படுவதைக் கண்ணால் கண்டவர்களைத் தேடுங்கள். என் கருத்தில் முதலிடம் ஒக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு. வீட்டுக்கு வந்து, நீங்கள் குளியல் தொட்டிக்குள் இறங்குவதையும் கட்டிலிலிருந்து எழும்புவதையும் பார்த்து எழுதுபவர் அவர்தான். பெரிய நிபுணரின் இரண்டு வரிக் கடிதத்தைவிட இவருடைய ரிப்போர்ட் பெறுமதியானது. பிறகு பிசியோ, வீட்டுக்கு வரும் நர்ஸ், மனநலக் குழுவினர், கவுன்சில் செய்த பராமரிப்புத் தேவை மதிப்பீடு. பார்மசியை மறந்துவிடுவார்கள். நாள்வாரியாக மருந்து அடுக்கிய பெட்டியை உங்களுக்கு அவர்கள் தருகிறார்களா? எதற்காகத் தருகிறார்கள் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும், மருந்தைக் கவனிக்கும் செயலில் 1 புள்ளிக்கு ஆதாரம்.

இவர்களிடம் வெறுமனே "பிப்புக்கு ஒரு லெட்டர் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்தச் செயல்கள் பற்றி வேண்டும், எந்தத் திகதியில் இருந்த நிலைமை பற்றி வேண்டும், அவர்கள் நேரில் கண்டது என்ன. நோயின் பெயரைவிட "துணையில்லாமல் 20 மீட்டருக்கு மேல் நடக்க முடியாது, நடந்தாலும் வலியால் நிற்கிறார்" என்ற வரி பெரிது. நடமாட்டத்தில் 20 மீட்டர், 50 மீட்டர், 200 மீட்டர் என்பவைதான் எல்லைக்கோடுகள். "கொஞ்சத் தூரம்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை.

[திரையில்: முடிவுக் கடிதத்தின் மேல்மூலையில் உள்ள திகதி, சிவப்பு வட்டம்]

இப்போது இந்தத் திகதி. நல்ல ஆதாரம் இருந்தும் பலர் தோற்பது இங்கேதான்.

1998ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, டிடபிள்யூபி முடிவெடுத்த நாளில் நீங்கள் இருந்த நிலைமையை மட்டுமே ட்ரிப்யூனல் பார்க்கும். முடிவு மார்ச்சில் வந்தது, ஜூனில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது என்றால், அந்த உடைவு இந்த அப்பீலில் சேராது. அதற்குப் புதிய விண்ணப்பமோ நிலைமை மாறியதாக அறிவிப்போ தேவைப்படலாம், ஆனால் அதைச் செய்யுமுன் ஆலோசனை கேளுங்கள். அதேநேரம் ஜூலையில் எடுத்த ஸ்கேன், பல வருடமாகத் தேய்ந்துவந்த முதுகெலும்பைக் காட்டினால் அது சேரும், ஏனென்றால் மார்ச்சிலும் அந்த முதுகு அப்படித்தான் இருந்தது. கடிதம் எழுதிய திகதி பிரச்சினை இல்லை, கடிதம் எந்தக் காலத்தைப் பேசுகிறது என்பதுதான் பிரச்சினை. டிசம்பரில் எழுதும் டொக்டரிடம், "மார்ச்சில் இவருடைய நிலைமை இப்படி இருந்தது" என்ற வரியைக் கட்டாயம் கேளுங்கள்.

இலங்கையிலோ இந்தியாவிலோ செய்த சிகிச்சையின் காகிதங்களும் சேரும். ஷெல் துண்டு உடம்பில் இருப்பதைக் காட்டும் பழைய டயக்னோசிஸ் கார்ட், எப்போது தொடங்கிய பிரச்சினை என்று காட்டும். ஆனால் பழைய காகிதம் தனியாக நிற்காது, இன்றைய நிலையைச் சொல்லும் ஒன்றோடு சேர்த்து வையுங்கள். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

மொழி பற்றி ஒரு தெளிவு. பேசுவது, வாசிப்பது ஆகிய செயல்களுக்குச் சட்டம் தாய்மொழியைத்தான் அளவாக வைக்கிறது. ஆங்கிலம் தெரியாததற்குப் புள்ளி இல்லை. காது கேளாமை, பக்கவாதம், பார்வைக் குறைவால் தமிழிலும் முடியவில்லை என்றால் உண்டு. ட்ரிப்யூனல் விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தருவார்கள், அப்பீல் படிவத்திலேயே கேட்க வேண்டும்.

மருத்துவர் அல்லாதவர்களின் வார்த்தையும் ஆதாரம்தான். இரண்டு வாரத்துக்கு நாட்குறிப்பு எழுதுங்கள். நல்ல நாளையும் எழுதுங்கள், எல்லா நாளும் படுமோசம் என்று எழுதினால் நம்ப மாட்டார்கள். "செவ்வாய்: காலை விரல்கள் மடங்கவில்லை, பொத்தானை மகள் பூட்டினாள், 25 நிமிடம்" என்றால் போதும். கூட இருப்பவரின் கடிதத்தில் "மிகவும் கஷ்டப்படுகிறார்" என்பதற்குப் பதிலாக அவர் தினமும் என்ன செய்து தருகிறார் என்று இருக்கட்டும். குளியல் நாற்காலி, பிடிகம்பி, கழிப்பறை இருக்கை, எல்லாவற்றையும் படம் எடுத்து இணையுங்கள்.

கால எல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், முடிவை மறுபடி பார்க்கும்படி டிடபிள்யூபியிடம் கேட்க வேண்டும். இதற்கு மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன் என்று பெயர். அதிலும் மறுத்தால், அந்தப் பதில் கடிதத்தின் திகதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் ட்ரிப்யூனலுக்கு அப்பீல். இரண்டும் இலவசம். ஆதாரம் வரட்டும் என்று காத்திருந்து திகதியைத் தவறவிடாதீர்கள். "மருத்துவ ஆதாரம் பின்னர் அனுப்புவேன்" என்று எழுதி முதலில் போட்டுவிடுங்கள். தவறியிருந்தாலும் காரணத்தோடு கேட்கலாம், விட்டுவிட வேண்டாம். டிடபிள்யூபி தன் பதிலைக் கட்டாக அனுப்பிய பிறகு, உங்கள் பக்க ஆதாரத்தை அனுப்ப வழக்கமாக ஒரு மாதம் உண்டு.

ட்ரிப்யூனலில் மூவர் இருப்பார்கள்: நீதிபதி, டொக்டர், இயலாமை பற்றி அனுபவமுள்ள ஒருவர். இவர்கள் டிடபிள்யூபியின் ஆட்கள் அல்ல. விசாரணை வரை போகும் பிப் அப்பீல்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் விண்ணப்பித்தவர் பக்கம் முடிவாகியிருக்கிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஏற்கெனவே கொஞ்சம் கிடைத்திருக்கிறது, கூடுதலாக வேண்டும் என்று அப்பீல் செய்தால், இருப்பதையும் குறைக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அல்லது கவுன்சிலின் நலன்புரி உரிமைப் பிரிவில் கோப்பைக் காட்டிவிட்டுப் போங்கள், அங்கே கட்டணம் இல்லை.

[காட்சி: பக்க எண்கள் எழுதிய காகிதக் கட்டு]

அனுப்பும்போது மூலப் பிரதியைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணும், அப்பீல் எண் வந்துவிட்டால் அதுவும். மேலே ஒரு பக்கக் கடிதம்: "குளிப்பது பற்றி, பக்கம் 4, தெரபிஸ்டின் ரிப்போர்ட்" என்று செயல் வாரியாக. தபாலில் போட்டால் ரசீதை வைத்திருங்கள்.

நீங்கள் காத்திருந்த கடிதம் விசாரணைக்கு முதல்நாள் மாலையில் வந்து சேர்ந்தால்? கொண்டுபோங்கள், பிரதிகள் எடுத்து. போனதும் கிளார்க்கிடம் கொடுத்து, ஏன் தாமதம் என்று சொல்லுங்கள். போனிலோ வீடியோவிலோ விசாரணை என்றால் காலையிலேயே ட்ரிப்யூனலுக்கு அழைத்து எப்படி அனுப்புவது என்று கேளுங்கள். ஏற்பதா இல்லையா என்று நீதிபதி முடிவு செய்வார்.