சோதனை எலியும் அவரே, விஞ்ஞானியும் அவரே! மறதியை அளந்த மனுஷன்

மெப். ஸோக். லுஃப்.

இந்த மூணையும் மனசுல வெச்சுக்கோங்க. கடைசியில கேப்பேன்.

ஒரு மெய், நடுவுல ஓர் உயிர், கடைசியில ஒரு மெய். இப்படி சுமார் 2300 அசைகளைக் கோத்து எழுதி, வருஷக்கணக்கா உருப்போட்டுட்டு இருந்தார் ஒரு ஜெர்மன்காரர். பேரு ஹெர்மன் எபிங்ஹவுஸ், பிறந்தது 1850. பயோடேட்டா இவ்வளவு போதும்.

ஒரு பழைய புத்தகக் கடையில அவர் கையில ஃபெக்னர்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி எழுதின புத்தகம் மாட்டுது. புலனுணர்வையே கணக்குப் போட்டு அளக்கலாம்ங்கிற புத்தகம் அது. அப்போ ஞாபகத்தையும் அளந்துடலாமேன்னு இவருக்குத் தோணிடுச்சு. 1879-ல ஜெர்மனியோட லைப்ஸிக் நகரத்துல உளவியல் ஆய்வகம் ஆரம்பிச்ச வுண்ட்டே, ஞாபகம் மாதிரி மனசோட மேல்தட்டு வேலையெல்லாம் சோதனைக்கு அடங்காதுன்னு நினைச்ச காலம். லேப் இல்ல, உதவியாளர் இல்ல. சோதனை எலியும் தானேன்னு உட்கார்ந்துட்டார்!

எதுக்கு அர்த்தமில்லாத அசை? 'கண்', 'பல்'னு வந்தா மனசு உடனே கதை கட்டிடும். அவரே ஆங்கிலக் கவிஞர் பைரனோட கவிதையையும் மனப்பாடம் பண்ணிப் பார்த்தார். 80 அசை உள்ள ஒரு பத்தி ஒன்பது தடவை படிச்சா ஏறிடுச்சு. அதே நீளத்துக்கு அர்த்தமில்லாததுன்னா 70, 80 தடவை ஆகும்னு கணக்குப் போட்டார்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். கொஞ்சம் மெதுவா வாங்க.

கடிகாரம் நிமிஷத்துக்கு 150 தடவை டிக் டிக்னு அடிக்க, அந்தத் தாளத்துல வாசிப்பார். தப்பில்லாம ஒப்பிக்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னு குறிச்சுப்பார். அப்புறம் இடைவெளி விட்டு, அதே பட்டியலை மறுபடி படிப்பார். முதல்ல 1000 நொடி ஆச்சுன்னு வைங்க. மறுநாள் 663 நொடியிலயே ஏறிடுச்சுன்னா 337 நொடி மிச்சம், அதாவது 33.7 சதவீதம். ஒரு நாளுக்கு அவருக்குக் கிடைச்ச சராசரி இதேதான். 20 நிமிஷத்துல 58.2, ஒரு மணி நேரத்துல 44.2, 31 நாள் கழிச்சும் 21.1! மடமடன்னு சரிஞ்சு, அப்புறம் நொண்டி நொண்டி இறங்குது. அதுதான் மறதி வளைகோடு.

வாட்ஸ்அப்ல "ஒரு வாரத்துல 90 சதவீதம் மறந்துடும், எபிங்ஹவுஸ் சொன்னார்"னு ஒரு படம் சுத்துதே? அவர் அப்படிச் சொல்லவே இல்லைங்க. எத்தனை ஞாபகம் இருக்குன்னு அவர் எண்ணல, திரும்பப் படிக்கிற உழைப்புல எவ்வளவு மிச்சம்னுதான் பார்த்தார். சுத்தமா மறந்துட்டோம்னு நாம நினைக்கிறதும் அந்தக் கணக்குல தெரியும். அந்தப் புத்திசாலித்தனத்துக்கே ஒரு லைக் போடலாம்.

இன்னொண்ணு. ஒரே நாள்ல 68 தடவை படிச்சதும், மூணு நாளா பிரிச்சு 38 தடவை படிச்சதும் கிட்டத்தட்ட ஒரே பலன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி டீ போட்டு உட்கார்ற கோஷ்டி, கவனிச்சீங்களா? இன்னிக்கு ஃப்ளாஷ்கார்டு ஆப்ஸ் விட்டு விட்டுக் கேள்வி கேக்குறதுக்கும் வேர் இங்கதான்.

1885-ல புத்தகமா வந்துச்சு. 2015-ல ஆம்ஸ்டர்டாம்ல இதே சோதனையைத் திரும்ப ஒரே ஆளை வெச்சுப் பண்ணினாங்க. வளைகோடு ஏறக்குறைய அப்படியே வந்துச்சு!

சரி, அந்த மூணு அசை? நடுவுல இருந்ததை மட்டும் கமெண்ட்ல போடுங்க. வரலையா? ரீவைண்ட் பண்ணி ஒரு தடவை கேளுங்க, இந்த முறை எவ்வளவு சீக்கிரம் ஏறுதுன்னு அதையும் சேர்த்து எழுதுங்க.