ஆறரை நிமிடப் பாட்டு பதினெட்டு நிமிடமான கதை

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் இசை அன்பர்களே, வணக்கம்.

ஒரு ராக் குழுவின் உண்மையான முகம் தெரிவது ஸ்டுடியோ ஆல்பத்திலா, வானொலிப் பதிவிலா என்பது இன்றைய வழக்கு. வானொலிப் பதிவில்தான் என்று அடித்துச் சொல்கிறேன். என் சாட்சி, பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பெலினின் 'பி.பி.சி. செஷன்ஸ்'. 1969இலும் 1971இலும் பி.பி.சி. வானொலிக்காக வாசித்தவை. 1997இல்தான் ஆல்பமாக வெளிவந்தன.

எதிரணித் தலைவர் கேட்டார்: "ஒரே பாட்டை மூன்று முறை போட்டு விற்பதற்குப் பெயர் ஆல்பமா?" 'கம்யூனிகேஷன் பிரேக்டவுன்' அதில் மூன்று முறை வருவது உண்மை. மூன்றும் 1969 ஜூனில், 12 நாட்களுக்குள் வாசித்தவை. அடுத்தடுத்துக் கேளுங்கள் ஐயா! கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் விரல்கள் ஒவ்வொரு முறையும் வேறு வழியில் ஓடுகின்றன. ஸ்டுடியோ ஆல்பம் அந்த வழிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடுகிறது.

அவர்கள் ஏன் அத்தனை முறை பி.பி.சி.க்குப் போனார்கள்? அன்றைய பிரிட்டனில் வானொலி இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு ஒலிபரப்பலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. இசைக்கலைஞர் சங்கம் தன் உறுப்பினர்களின் பிழைப்புக்காகப் போராடிப் பெற்றது அது. மீதி நேரத்தை நிரப்ப ஆட்களை அழைத்து வாசிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தொழிற்சங்கம் காத்த வேலையிலிருந்து விளைந்த செல்வம் இது!

ஒன்றிரண்டு பாடல்களில் பிறகு கூடுதல் கிட்டார் சேர்த்தார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' பாடலுக்கு என்ன பதில்? 1969 மார்ச்சில் அதன் நீளம் ஏறத்தாழ ஆறரை நிமிடம். 1971 ஏப்ரல் 1 அன்று, லண்டன் பாரிஸ் தியேட்டரில், அதே பாட்டு 18 நிமிடத்தைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில் நான்கு இளைஞர்கள் எவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டார்கள் என்பதை ஒரே ஆல்பத்தில் காதால் அளக்கலாம். எந்த ஸ்டுடியோ ஆல்பம் இதைத் தரும்?

அதே இரவில் 'ஸ்டேர்வே டு ஹெவன்' வாசித்தார்கள். அது இடம்பெற்ற ஆல்பம் வெளிவர இன்னும் ஏழு மாதம் இருந்தது. பாடல் முடிந்ததும் எழும் கைதட்டலைக் கேளுங்கள். இன்று உலகமே அறிந்த பாட்டை, பெயர்கூடப் பழகாமல் முதன்முதலாகக் கேட்டவர்களின் கைதட்டல் அது. எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கிறது.

கடைசியாக ஒன்று. இவர்கள் ஸ்டுடியோ ஆல்பம் எதிலும் சேர்க்காத 'சன்ஷைன் வுமன்' என்ற பாட்டை 1969இல் வானொலிக்காக வாசித்தார்கள். மூல நாடா அழிந்துபோயிற்று. ஒலிபரப்பான அன்று நேயர் ஒருவர் தம் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். 2016இல் வந்த விரிவான பதிப்பில் அந்தப் பதிவையே சேர்த்தார்கள். ஒலி மங்கல்தான், ஆனாலும் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹாமின் முரசு அதற்குள்ளிருந்து அதிர்கிறது, நடுவர் அவர்களே.