எந்தப் பாதை கணக்கில் சேரும்?

நேயர்களுக்கு வணக்கம். ஓர் ஊரின் தெருக்கள் அனைத்தையும், ஒன்றுகூட விடாமல் ஓடி முடிப்பது என்பது ஓட்டக்காரர்களிடையே பரவியிருக்கும் ஒரு விருப்பம். அமெரிக்க ஓட்டவீரர் ரிக்கி கேட்ஸ் 2018ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரின் தெருக்கள் முழுவதையும் ஓடிக் கடந்தார். அதற்கும் முன்பே, 2011ஆம் ஆண்டின் கடைசி நாளில், மேட் கிரீன் என்பவர் நியூயார்க் நகரின் ஒவ்வொரு தெருவையும் நடந்தே பார்த்துவிடுவது என்று புறப்பட்டார். காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அதே வேலையைச் செய்துவருகிற என்னிடம், எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். எதைத் தெரு என்று கணக்கில் எடுக்கிறீர்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. ஓடுவதைவிட அதிகமாக யோசிக்க வைப்பது அந்தக் கேள்விதான்.

முதலில் கணக்கு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடம், யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய பொது வரைபடம். அதில் ஒவ்வொரு பாதையும் ஒரு கோடு; அந்தக் கோட்டில் தொடக்கத்திலும் முடிவிலும், சந்திப்பிலும் வளைவிலும் புள்ளிகள் இருக்கும். குடியிருப்புத் தெரு, நடைபாதை, வண்டித்தடம், வீட்டுக்குள் செல்லும் வழி என்று கோட்டின் வகையையும், அது தனியாருக்குரியதா என்பதையும் வரைந்தவர் குறித்து வைப்பார். சிட்டிஸ்ட்ரைட்ஸ் என்ற இணையதளம் இந்த வரைபடத்திலிருந்து பெயருள்ள தெருக்களை எடுத்துக்கொண்டு, நம் கைக்கடிகாரமோ கைபேசியோ பதிந்த தடத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கிறது. ஒரு புள்ளிக்கு 25 மீட்டருக்குள் நாம் சென்றிருந்தால் அந்தப் புள்ளி முடிந்தது. தெருவின் புள்ளிகளில் 90 சதவீதம் முடிந்திருந்தால் தெருவே முடிந்தது.

செட்டிநாட்டுத் தெருக்களில் இந்த முறை எப்படி விளையாடுகிறது என்று பாருங்கள். இங்கே நகரத்தார் வீடு ஒரு தெருவில் முகப்பை வைத்துத் தொடங்கி, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று பின்னோக்கி நீண்டு, அடுத்த தெருவில் பின்வாசலை வைத்து முடியும். வீட்டின் நீளமே தெருவுக்கும் தெருவுக்கும் இடையிலான தூரத்தை வகுத்துவிடுவதால், கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. நேரான கோட்டில் வளைவுப் புள்ளிகள் தேவைப்படுவதில்லை. இரு முனைகளிலும், குறுக்குத் தெரு வந்து சேரும் இடங்களிலும் மட்டுமே புள்ளிகள் விழும். ஆகவே, குறுக்குத் தெருக்களை மட்டும் ஒன்றுவிடாமல் ஓடி முடித்தவருக்கு, நெடுந்தெருவில் பாதியைக்கூடப் பார்க்காத நிலையிலும், அந்த நெடுந்தெரு முடிந்துவிட்டதாகக் கணினி பச்சைக்கொடி காட்டிவிடும். இதற்கு நேர்மாறாக, ஊருணிக்கரையைச் சுற்றி வளையும் பாதையில் அடிக்கொரு புள்ளி இருக்கும். அங்கே 25 மீட்டருக்கு மேல் ஒதுங்கி ஓடினால் கணக்கு உதைக்கும். புள்ளி முடிந்தது என்பதும் தெருவை ஓடினோம் என்பதும் ஒன்றல்ல. ஒரு தெருவின் முனையிலிருந்து முனைவரை என் கால் பட்டிருந்தால் மட்டுமே அது எனக்குச் சேரும். கணினி என்ன சொன்னாலும் சரி.

அடுத்தது பெயர். பெயர் இல்லாத பாதையை அந்த இணையதளம் ஒதுக்கிவிடுகிறது. பெயர்ப்பலகை நட்டுப் பராமரிக்கிற நகரங்களுக்கு அது பொருந்தலாம். நம் ஊர்களிலோ, பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் நாள்தோறும் புழங்குகிற முடுக்குகளும் சந்துகளும் வரைபடத்தில் பெயரில்லாமலே கிடக்கின்றன; சிலவற்றுக்கு ஊரார் வாயில் மட்டும் ஒரு பெயர் உண்டு. அவற்றை விட்டுவிட்டு ஊரை முடித்தேன் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஆகையால் பெயரை அளவுகோலாக நான் வைத்துக்கொள்ளவில்லை. யாரிடமும் அனுமதி கேளாமல், எவரும், எந்த நாளிலும் நடந்து போகக்கூடிய பாதையா என்பதே என் அளவுகோல். ஆம் என்றால், அது மூன்றடி முடுக்காக இருந்தாலும் கணக்கில் சேரும். இல்லை என்றால், அது தார் போட்ட அகலச் சாலையாக இருந்தாலும் சேராது. பல்கலைக்கழக வளாகத்துச் சாலைகளும் ஆய்வு நிறுவனங்களின் உட்சாலைகளும் இப்படித்தான் விலகுகின்றன. காவலர் நல்ல மனத்தோடு உள்ளே விடுவது வேறு, நமக்கு உரிமை இருப்பது வேறு.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த அளவுகோல் தரையில் இறங்கியதும் சிக்கலாகிறது. நம் பகுதி வரைபடத்தில் பெரும்பகுதி செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எங்கோ உட்கார்ந்து வரையப்பட்டது. மேலிருந்து பார்த்தால், நாட்டு ஓடு வேய்ந்த இரண்டு நீண்ட கூரைகளுக்கு நடுவே ஒரு சாம்பல் கோடு தெரியும். அதைத் தெரு என்று வரைந்துவிடுவார்கள். இரும்புக் கதவும் பூட்டும் வானத்திலிருந்து தெரிவதில்லை. அந்தக் கோடு, இரண்டு வீட்டுப் பங்காளிகளும் தங்களுக்குப் பொதுவாக விட்டுவைத்த சந்தாக இருக்கலாம்; பின்கட்டுக்கு விறகும் நெல்லும் வந்து இறங்கிய வழியாக இருக்கலாம்; மெய்யாகவே ஊர்ப் பொதுப்பாதையாகவும் இருக்கலாம். மூன்றும் படத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இப்படி ஐயம் வரும் இடத்தில் நான் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திண்ணையில் இருப்பவரைக் கேட்டுவிடுவேன். பள்ளத்தூரில் ஒரு காலையில், "ஆச்சி, இந்தச் சந்து வழியாகப் போனால் பின்தெருவுக்குப் போய்விடலாமா?" என்றேன். "போகலாம் தம்பி, நீங்க போறதுன்னா தாராளமாப் போங்க" என்றார்கள். கேட்கத் தேவையே இல்லாத பாதையாக இருந்திருந்தால், எல்லாரும் போற வழிதானே, இதுக்கெதுக்குக் கேள்வி என்ற தொனியில் பதில் வந்திருக்கும். எனக்கென்று தனியாக ஓர் இசைவு கொடுத்தார்கள் என்பதிலிருந்தே, அது அவர்கள் வீட்டு வழி என்பது விளங்கியது. நன்றி சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அந்தச் சந்து என் கணக்கில் இல்லை.

கேட்க ஆள் இல்லாத இடங்களுக்கு வருவாய்த்துறை ஆவணங்கள் இருக்கின்றன. கிராமத்தின் 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேராக, அது பட்டா நிலமா, நத்தமா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் பாதையா, வண்டிப்பாதையா, மயானமா, ஊருணியா என்று எழுதியிருக்கும். தமிழக அரசின் இணையச் சேவையில் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டின் விவரத்தையும் வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். மனை வாங்குகிறவர்களும் வழக்கு நடத்துகிறவர்களும் பார்க்கிற தாளை ஓடுவதற்காகப் பார்ப்பதா என்று என் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் வண்டிப்பாதை என்று பதிவாகியிருக்கும் ஒரு தடம் இன்று ஒற்றையடிப்பாதையாகச் சுருங்கியிருந்தாலும் அது ஊர்ச்சொத்துதான் என்ற உறுதி அந்தத் தாளிலிருந்துதான் கிடைக்கிறது. மயானத்துக்குச் செல்லும் பாதையைச் சிலர் தயங்கி விட்டுவிடுகிறார்கள். பொதுப்பாதை என்ற தகுதியில் அதற்கு எந்தக் குறையும் இல்லை, நான் சேர்த்துக்கொள்கிறேன். பதிவேட்டில் பாதையாக இருந்து, நேரில் சீமைக்கருவேலம் மண்டி ஆள் நுழைய முடியாமல் போய்விட்டதை மட்டும் நீக்கிவிடுகிறேன். முள்ளுக்குள் போய்க் கிழித்துக்கொண்டு வருவதை ஓட்டத்தில் சேர்க்க முடியாது.

விட்டுவிடலாமே என்று மனம் அதிகமாக ஆசைப்படுவது முட்டுச்சந்தைக் கண்டால்தான். அதற்குக் கணிதக் காரணம் இருக்கிறது. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும், ஒவ்வொன்றையும் ஒரேயொரு முறை கடந்து முடிக்க முடியுமா என்ற கேள்வியை ஆராய்ந்த கணித மேதை ஆய்லர், முடியாது என்று 1736இல் காட்டினார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் வழிகள் கூடும் சந்திப்புகள் இரண்டுக்கு மேல் இருந்தால் அப்படி ஒரே மூச்சில் சுற்றிவர இயலாது. சீனக் கணித அறிஞர் குவான் மெய்-கோ 1960இல் இதையே தபால்காரர் கணக்காக மாற்றி, எல்லாத் தெருக்களிலும் சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதற்கு எந்தத் தெருக்களை இரண்டாம் முறை நடந்தால் தூரம் குறையும் என்று கேட்டார். மூன்று வழி கூடும் முக்குகள் நிறைந்த நம் ஊர்களில் இந்த இரட்டை ஓட்டம் தவிர்க்க முடியாதது. முட்டுச்சந்தோ, எப்போதுமே உள்ளே போய் அதே வழியில் வெளியே வந்தாக வேண்டிய இடம். நூறு மீட்டர்ச் சந்து இருநூறு மீட்டராகிறது. இதனாலேயே, எது சேரும் எது சேராது என்ற முடிவைப் பாதையின் முன்னால் மூச்சு வாங்க நின்றுகொண்டு எடுக்கக் கூடாது. முதல் நாள் இரவே, களைப்பு இல்லாத நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

வரைபடத்தில் தவறு கண்டால் என்ன செய்வது? தன் கணக்கில் மட்டும் அடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வரைபடத்தையே திருத்துவதுதான் முறை என்று நான் நினைக்கிறேன். பூட்டிய சந்தைத் தனியார் வழி என்று குறித்துவிட்டால் அடுத்து வருகிறவர் அந்தக் கதவை ஆட்டிப் பார்க்க மாட்டார். ஆனால் இதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கூகுள் வரைபடத்தைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் படியெடுப்பது உரிம விதிப்படி கூடாது. அரசு ஆவணத்தையும் அதன் உரிமம் தெரியாமல் அப்படியே வரைந்துவிடக் கூடாது. என் கணக்கை முடிவுசெய்யப் பதிவேட்டைப் பார்க்கிறேன். வரைபடத்தில் ஏற்றுவதோ என் கண்ணால் தரையில் கண்டதை மட்டும்தான்.

இனி எல்லை. காரைக்குடி 2024இல் மாநகராட்சியானபோது கோட்டையூரும் கண்டனூரும் அதற்குள் வந்தன. எல்லைக்கோடு நகர்ந்ததும் முடித்துவிட்டதாக நினைத்த ஊர் முடியாததாகிவிடுகிறது. புறநகரில் நாளுக்கு நாள் மனைப்பிரிவுகளும் முளைக்கின்றன. வீடு ஒன்றுகூட எழும்பாமல், வண்ணம் பூசிய கற்களுக்கு நடுவே செம்மண் தடம் மட்டும் கிடக்கும் அந்தச் சாலைகள் தெருவா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கும்போது அதன் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படி எழுதிக்கொடுத்த நாளிலிருந்து அது ஊர்ப்பாதைதான், ஆள் குடியேறவில்லை என்பது அதற்குத் தடையல்ல. அங்கீகாரம் இல்லாத மனைகளின் சாலைகளை நான் தொடுவதில்லை. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஊருக்கு ஒரு தேதி வைத்துக்கொள்வதுதான் வழி: புறப்படும் நாளில் உள்ள வரைபடத்தைப் படியெடுத்து வைத்து, அன்றைய எல்லை, அன்றைய பாதைகள் என்று அதற்கே ஓட வேண்டும். அதன்பின் வந்து சேரும் தெருக்கள் அடுத்த சுற்றுக்கு. வணக்கம்.